வெளிநாட்டு மாணவர்களோடு இணையவழிக் கூட்டுப் படிப்பு என்றால் என்ன? அதில் ஏன் மனக்கசப்பு வருகிறது?

இரு நாட்டுக் கல்லூரி மாணவர்கள், ஊரை விட்டு நகராமல், ஒரே புராஜெக்டை இணையத்தில் சேர்ந்து முடிப்பது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006-லேயே இதற்கென மையம் தொடங்கியது.

சிக்கல் நெட்வொர்க்கைவிடப் பழக்கத்தில்தான் அதிகம். கீழக்கரை மாணவி ஒருவர் கடற்புல் பற்றி வரைவு அனுப்புகிறார் என்று வையுங்கள். ஜெர்மன் மாணவர், "இந்தப் பத்தி சரியில்லை" என்கிறார். அங்கே குறையை நேராகச் சொல்வது சகஜம். இவருக்கோ மனசு சுருங்கிவிடும். மரியாதைக்காக "சரி, பார்க்கிறேன்" என்பார். அவர் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்!

மண்டபம் பக்கம் கரையில் நின்று இரு பக்கமும் கயிறு பிடித்துக் கரைவலை இழுப்பது போலத்தான். இரண்டு கயிறும் ஒரே சீராக வராவிட்டால் மீன் நழுவிவிடும். எனவே குறையை எப்படிச் சொல்வது என்பதை முதல் வாரமே பேசிவிடுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த இருவருக்குமே ஆங்கிலம் நன்றாக வரும்; அப்படியும் மனக்கசப்பு வருகிறது.