பழைய லேண்ட் ரோவரில் மழைத்தண்ணீர்: மெத்தை ஸ்பொஞ்ச் போதுமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டமொன்றில் ஓடிய சீரீஸ் 3 லேண்ட் ரோவரை வாங்கியிருக்கிறேன். மழையில் ஓட்டினால் சாரதியின் கால் நனைகிறது. முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று மூடிகளின் ஸ்பொஞ்ச், தொட்டாலே பொடியாகக் கொட்டுகிறது. மெத்தை ஸ்பொஞ்சை வெட்டி ஒட்டினால் போதுமா?

பதில்: தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மெத்தை ஸ்பொஞ்ச் நீரை உறிஞ்சும். மழை விட்டு வெயில் வந்த பிறகும் அந்த ஈரத்தை இரும்போடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். 1971 முதல் 1985 வரை வந்த இந்த வண்டிகளின் வெளித்தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலவை என்பதால், துருவைப் பற்றிப் பலரும் கவலைப்படுவதில்லை. ஆனால் அந்த மூடிகள் வந்து உட்காரும் பல்க்ஹெட், அதாவது எஞ்சினுக்கும் சாரதி இருக்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்பு, இரும்புத் தகடு. முன்கதவுகள் தொங்குவதும் அதில்தான். அது உளுத்துவிட்டால் சீல் செலவோடு போகாது, வெல்டிங் வரைக்கும் போகும்.

வாங்க வேண்டியது, நீர் உறிஞ்சாத மூடிய துளை ஈபிடிஎம் (மழை, வெயிலைத் தாங்கும் ஒரு செயற்கை ரப்பர்) ஸ்பொஞ்ச் ரப்பர். இந்த மொடலுக்கென்றே வரும் சீல் கிடைத்தால் இன்னும் நல்லது. கடையில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பாருங்கள். நீர் சொட்டினால் வேண்டாம்.

பாதி வேலை சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. மூடியைக் கழற்றுவதற்கு முந்தைய நாளே கீல் திருகுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். அவசரப்பட்டால் திருகின் தலை முறிந்துவிடும். பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுங்கள். அடியில் செம்பழுப்பாகக் கொப்புளம் தெரிந்தால் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடியுங்கள். பெயின்ட் நன்றாக இறுகிய பிறகே பசை பூச வேண்டும். இல்லாவிட்டால் பசை பெயின்டை இளக்கிவிடும்.

பழைய சீல் எந்தப் பக்கம் இருந்ததோ அங்கேயே ஒட்டுங்கள். கொன்டாக்ட் பசையை இரு பரப்பிலும் பூசி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். சீலை இழுத்து ஒட்டக் கூடாது. பிறகு சுருங்கி மூலையில் இடைவெளி விடும். இரு முனைகளும் சேரும் இடம் கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

தடிமன் கூடினால் நல்லதென்று நினைக்காதீர்கள். மூடும்போது சீல் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். அதற்கு மேல் தடித்தால் மூடி நெளிந்து, ஓரங்களில் தூக்கிக்கொள்ளும். சீல் படும் விளிம்பில் வெண்கட்டியைத் தேய்த்து மூடித் திறங்கள். சீலில் கோடு அறுபடாமல் பதிந்திருந்தால் சரி. கோடு விட்டுப்போன இடத்தில்தான் ஒழுகும்.

அப்புறம், ஒருவரை உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் பாய்ச்சிப் பாருங்கள். முதலில் மூடிகளின் மேல் மட்டும், பிறகுதான் கண்ணாடிச் சட்டத்தின் அடி. இந்த வண்டியில் சட்டம் மடிக்கக்கூடியது. அதற்கும் பல்க்ஹெட்டுக்கும் நடுவே தனியாக ஒரு சீல் உண்டு. அங்கே ஒழுகும் நீரும் அதே காலடியில்தான் சொட்டும்.