காளை விதைக்குள்ள கொழுப்புச் சொட்டு இருந்தா நோயா?

கேள்வி: வணக்கம் சார், தலைஞாயிறு பக்கம் எங்க ஊரு. எங்க உம்பளாச்சேரி பொலிகாளை சித்திரை கடைசியில நாலு நாள் கடும் காய்ச்சல்ல கெடந்துச்சு, அதுக்கப்புறம் சேத்த மாடு ஒண்ணுகூட சினை பிடிக்கல. ஒரத்தநாட்டுல மாட்டு டாக்டருக்குப் படிக்கிற எங்க பொண்ணு, மைக்ராஸ்கோப்ல ஏதோ ஒரு காளையோட விதையைப் பாத்துச்சாம், உள்ள செவப்பா கொழுப்புச் சொட்டு இருந்துச்சுங்குது. எங்க காளைக்கும் கொழுப்பு அடைச்சிருக்குமா? வித்துடலாமா?

பதில்: விக்காதீங்கண்ணே, கொஞ்சம் பொறுங்க. அந்தக் கொழுப்பு அங்க இருக்கவேண்டியதுதான்.

விதைக்குள்ள இருக்குற நுண்ணிய குழாய்லதான் விந்தணு உருவாகுது, ஆரம்பத்துல அது வாலே இல்லாத உருண்டை செல்லு. அதுக்குள்ள பொருளைப் பொட்டலம் கட்டுற கோல்கி உறுப்புதான் தலைக்குக் குல்லா மாதிரி ஆகுது, முட்டையோட உறையைக் கரைக்கிற என்சைம் அதுலதான் இருக்கு, சக்தி குடுக்குற மைட்டோகாண்ட்ரியா எல்லாம் வாலோட மேல்பாகத்துல கயிறு சுத்துன மாதிரி சுத்திக்குது. மிச்சம் இருக்குற சதைப்பத்தை அணு கழட்டி விட்டுட்டுத்தான் கெளம்பும். அதை வீணாக்காம முழுங்குறது பக்கத்துலயே நின்னு அணுவை வளக்குற செர்டோலி செல், 1865ல இத்தாலிக்காரர் என்ரிக்கோ செர்டோலி கண்டுபிடிச்சது. நம்ம வயல்ல அறுப்பு முடிஞ்சதும் தாளை மடக்கி உழுறோமே, அதே கணக்குதான், முழுங்குனது கொழுப்புச் சொட்டா மாறி அந்த செல்லுக்கே எரிபொருளாகுது, அதனால அணு வளர வளர சொட்டு கூடும் கொறையும். குழாய்க்கு வெளிய இருக்குற லேடிக் செல்லுலயும் சொட்டு உண்டு, அது ஆண் ஹார்மோன் செய்ய வச்சிருக்குற கொலஸ்ட்ரால்.

காளைக்கு விதை உடம்பு சூட்டைவிட ரெண்டு டிகிரியாவது கொறைவா இருக்கணும், காய்ச்சல் அடிச்சா வளந்துக்கிட்டிருக்குற அணு செத்துப்போகும், அதையும் செர்டோலி செல்லு முழுங்கும், அப்ப சொட்டு இன்னும் கூடும். ஆக, கொழுப்பு சேந்து கெட்டதில்ல, சூட்டுல கெட்டதுனால கொழுப்பு சேருது.

காளைக்கு ஒரு அணு உருவாக சுமாரா 61 நாள், வெளிய வர இன்னும் பத்து நாள். ஆடிப்பெருக்கு வரைக்கும் நெழல்ல கட்டி, தண்ணி நெறைய காட்டுங்க, அப்புறம் விந்தை டெஸ்ட் பண்ணுங்க. அதுவரைக்கும் பசுவுக்கு சினை ஊசி போட்டுக்கங்க.

பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லுங்க, மெழுகுல பதிச்ச ஸ்லைடுல கொழுப்பு கரைஞ்சு வெறும் ஓட்டையாத்தான் தெரியும், உறையவச்சு வெட்டி ஆயில் ரெட் சாயம் போட்டாத்தான் செவப்பா தெரியும். அந்தச் செவப்பு குழாய்ச் சுவரை ஒட்டி, செர்டோலி செல்லோட அடிப்பக்கத்துல இருந்துச்சான்னு கேளுங்க.