80 எப்படி திடீரென்று 40 ஆகிறது?

கேள்வி: மாநில நெடுஞ்சாலையில் வேக வரம்பு 80 என்று பலகை பார்த்துவிட்டு நிம்மதியாகப் போகிறோம். கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவில் 40 வருகிறது, அப்புறம் எதுவுமே இல்லை. யார் இந்த எண்களை முடிவு செய்கிறார்கள்? இஷ்டத்துக்கு நடுகிறார்களா?

பதில்: இஷ்டத்துக்கு நடக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 112-ன்படி எந்த ரக வண்டி அதிகபட்சம் எவ்வளவு வேகம் போகலாம் என்பதை மத்திய அரசு அறிவிக்கும். அதற்குள், சாலையின் தன்மையையோ பாலத்தின் நிலைமையையோ பார்த்து மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ இன்னும் குறைக்கலாம். ஆனால் அரசிதழில் அறிவிக்க வேண்டும், சாலையில் பலகையும் வைக்க வேண்டும்.

சரி, 40 என்ற எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கண் எட்டும் தூரத்திலிருந்து. சமவெளியில் மாநில நெடுஞ்சாலையை 100 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்க வேண்டும், முடியாவிட்டால் 80 என்பது சாலை அமைப்புக்கு அளவுகோல் வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவையின் கணக்கு. மலைப்பாதை என்றால் 50-க்கு இறங்கிவிடும். 80-ல் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடுகிறது. எதிரே மாடு நிற்பதைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை நொடி என்று வைத்துக்கொள்கிறார்கள். அதற்குள்ளேயே 55 மீட்டர் போய்விடும், முழுசாக நிற்க 120 மீட்டர் வேண்டும். அதே 40-ல் போனால் 45 மீட்டர் போதும். இப்போது உங்கள் வளைவுக்குப் போய்ப் பாருங்கள், உள்பக்கம் ஒரு காம்பவுண்டு சுவரோ கருவேலம் புதரோ மறைத்து, ஐம்பது மீட்டருக்கு மேல் ரோடே தெரியாது. அங்கே 40 போடாமல் என்ன போடுவது?

இன்னொரு வழியும் உண்டு. நெரிசல் இல்லாத நேரத்தில் ஓரமாக நின்று வண்டிகளின் வேகத்தை அளப்பார்கள். நூற்றில் 85 வண்டி எந்த வேகத்துக்குள் போகிறதோ, அதை ஒட்டி வரம்பை வைப்பது பொறியாளர்களின் பழைய பழக்கம். ஜனங்களே ரோட்டைப் பார்த்து ஓரளவு சரியாகத்தான் ஓட்டுவார்கள் என்ற நம்பிக்கை அது. பள்ளிக்கூட வாசலிலும், ஊருக்குள் நுழையும் இடத்திலும் எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது; அங்கே நடப்பவர்களைப் பார்த்துத்தான் எண்ணை வைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் சிறுபாலம் வேலை முடிந்து மாதக்கணக்கு ஆகிறது. ‘20’ பலகை இன்னும் நிற்கிறது. மதிக்க வேண்டுமா?

பதில்: ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை என்று அதே பிரிவு 112 விலக்கு தருகிறது. வேலைக்காக அப்படி வைத்த பலகை மாதக்கணக்கில் நிற்க நியாயமே இல்லை. ஆனால் அதை மறந்துபோனார்களா, முறைப்படி அறிவித்தார்களா என்பது ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்குத் தெரியாது, அதனால் மெதுவாகவே போங்கள், நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு மனு போடுங்கள். சும்மா நிற்கிற இந்த 20-ஐப் பார்த்துப் பழகியவர் அந்த வளைவின் 40-ஐயும் மதிக்கமாட்டார், எனக்கு அதுதான் பெரிய எரிச்சல். கட்டுப்பாடு முடிந்தது என்று சொல்லத் தனிப் பலகையே உண்டு, நடுவதற்குத்தான் ஆளைக் காணோம்.

கேள்வி: காவலர் கண்ணால் பார்த்தே ‘ஓவர் ஸ்பீடு’ என்று அபராதம் போடலாமா?

பதில்: அவர் ஒருவர் ‘வேகமாக வந்தது போலிருந்தது’ என்று சொன்னால் மட்டும் கோர்ட்டில் நிற்காது, கருவி அளந்த வேகம் வேண்டும் என்கிறது பிரிவு 183. அளந்திருந்தால் காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை.