அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர்

கேள்வி: இலங்கையில் எங்கள் தாத்தாவை ‘இந்தியத் தமிழர்’ என்று பதிந்தார்கள். கோத்தகிரியில் எங்களைச் ‘சிலோன்காரர்’ என்கிறார்கள். நாங்கள் யார்?
— வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டுமே பிறர் சூட்டிய பெயர்கள், அம்மா. 1911 குடிக்கணக்கெடுப்பில்தான் காலங்காலமாக அங்கே வாழ்ந்த இலங்கைத் தமிழரையும், பெரும்பாலும் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போன குடும்பங்களான இந்தியத் தமிழரையும் முதன்முதலாகத் தனித்தனியே எண்ணினார்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அந்தப் பிரிவினையைச் சுவராக்கியது. குடியுரிமை பெற, தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. லயத்து அறைகளில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்த பலரிடம் அதற்கான தாளே இல்லை. கொழுந்து பறித்த கைகளிடம் காகிதம் கேட்டது பெரும் அநீதி.

இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இப்படி நாடற்றுப் போன 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். இங்கு வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன.

கேள்வி: இலங்கையில் இந்தியத் தமிழர் பங்கு 1981-இல் 5.5 சதவீதம், 2012-இல் 4.1. ஏன்?
— வாசகர், ஹட்டன்

பதில்: ஒப்பந்தப்படி வெளியேறியது ஒரு காரணம். பலர் தங்களை ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்தது இன்னொன்று. அந்நியர் என்ற சொல்லிலிருந்து பிள்ளைகளைக் காக்க நினைத்ததைக் குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் எண்ணிக்கை குறைந்தால் அரசியல் பிரதிநிதித்துவம் கேட்கும் குரலும் தளரும். இலங்கையின் மலைநாட்டைக் குறிக்கும் ‘மலையகத் தமிழர்’ என்பது இம்மக்களே தேர்ந்த பெயர். எங்களுக்கு அதுவே உகந்ததாகப் படுகிறது.