2001க்கு முன்பே முடிந்துபோன 2001

வணக்கம் சார்,

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அந்த 2001 வந்துபோய்க் கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. நிலவில் குடியிருப்பும் இல்லை, வியாழனுக்கு யாரும் போகவும் இல்லை. இப்படிப் பொய்த்துப்போன கதைகளை எதற்கு இன்னும் கொண்டாடுகிறோம்? பேசாமல் வரலாறே படிக்கலாமே?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

வரலாறு படிக்கத்தான் அந்தப் படத்தைப் பார்க்கச் சொல்கிறேன். அதில் இருப்பது, படம் வெளிவந்த 1968ஆம் வருடம்.

ரைட் சகோதரர்கள் பறந்தது 1903இல், மனிதன் நிலவில் கால் வைத்தது 1969இல். இடையில் 66 வருடம்தான். அந்த வேகத்தைப் பார்த்தவர்கள் 2001இல் வியாழன் என்று கணக்குப் போட்டதில் என்ன தப்பு? ஆனால் ராக்கெட்டைத் தள்ளியது பனிப்போர். நாசாவுக்கான பணம் 1966இல் அமெரிக்க மத்திய பட்ஜெட்டில் 4 சதவீதத்தைத் தாண்டியது, அதுதான் உச்சம். படம் திரைக்கு வந்தபோது சரிவு தொடங்கிவிட்டது. 1972 டிசம்பரில் அப்போலோ 17 திரும்பியதோடு நிலவில் நடப்பதும் நின்றது.

படத்தில் விண்வெளி நிலையத்துக்கு அதிகாரியை ஏற்றிப்போவது அமெரிக்க விமான நிறுவனமான பான் ஆமின் விமானம், கவனித்தீர்களா? அந்த நிறுவனம் நிஜமாகவே நிலவுப் பயணத்துக்குப் பெயர் பதிந்துகொண்டிருந்தது. 93,000 பேருக்கு மேல் பதிந்தார்கள்! நிலையத்தில் அவர் சோவியத் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து பேசுகிறார். மகளை வீடியோ போனில் அழைக்கிறார், முடிந்ததும் திரையில் கட்டணம் வருகிறது: 1 டாலர் 70 சென்ட். வீடியோ அழைப்பை ஊகித்தவர்களுக்கு, தனிக் கட்டணமே இல்லாமல் அது எல்லோர் சட்டைப்பையிலும் கிடக்கும் என்று தோன்றவில்லை. சாதனம் சரி. அதை நடத்தும் கம்பெனியும் அரசும் அப்படியே இருக்கும் என்று நம்பியதுதான் கோளாறு.

வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் இருபதாம் நூற்றாண்டை 1914இல் தொடங்கி 1991இல் முடித்துவிடுகிறார். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். 1991 டிசம்பர் தொடக்கத்தில் பான் ஆம் மூடப்பட்டது, மாதக் கடைசியில் சோவியத் யூனியனே கலைந்தது. படத்தின் 2001 அங்கேயே காலி. அதே வருட ஆகஸ்டில்தான் டிம் பெர்னர்ஸ்-லீ, தான் உருவாக்கிய உலகளாவிய வலையைப் (வேர்ல்ட் வைட் வெப்) பற்றிப் பொதுவில் அறிவித்திருந்தார். நாம் வாழ்கிற நூற்றாண்டு அந்த வருடம் பிறந்தது என்பேன். யாரும் அதைப் படமாக எடுத்துவைத்திருக்கவில்லை.

அப்புறம், எல்லாமே பொய்த்தது என்று சொல்லிவிடாதீர்கள். பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தித் தகவல் அனுப்பலாம் என்று, இந்தப் படத்தின் திரைக்கதையை இயக்குநரோடு சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1945இலேயே எழுதினார். இருபது வருடத்துக்குள் அது நடந்தது. கொழும்பில் வாழ்ந்த அவர் நிஜமான 2001ஐயும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடுத்து 'பிளேடு ரன்னர்' பாருங்கள். 1982இல் வந்தது, கதை நடப்பது 2019 லாஸ் ஏஞ்சல்ஸில். கார் பறக்கிறது, மனிதனையே தயாரித்துவிட்டார்கள். ஆனால் நாயகன் போன் பேச வேண்டுமென்றால் மதுக்கடைச் சுவரில் மாட்டிய பொதுத் தொலைபேசிக்குத்தான் போகிறான். பான் ஆம் விளம்பரம் அங்கேயும் மின்னிக்கொண்டிருக்கும்.