உலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம்: வாசகர் கேள்வி பதில்

கூடங்குளம் பற்றி முன்னைய இதழில் வெளியான சிறு குறிப்பைத் தொடர்ந்து திருகோணமலை மாவட்டத்திலிருந்து பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால், தெளிவாக எழுதப்பட்டவற்றைத் தெரிந்தெடுத்துப் பதில் தருகிறோம். அணுகுண்டு பற்றியும் அணுமின்சாரத்தின் விலை பற்றியும் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். இம்முறை பாதுகாப்பு மேற்பார்வை என்ற ஒரே விடயத்தோடு நிற்கிறோம்.

கூடங்குளம் அணுமின் நிலையம் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் சோதனைக்கு உட்பட்டது என்று வாசித்தேன். அப்படியானால் அங்கே விபத்து நேராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வியன்னாவில் இருப்பவர்களுடையது என்று எடுத்துக்கொள்ளலாமா, ஐயா?
– ஆசிரியர், உப்புவெளி

எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் வாசித்த செய்தி சரியானதுதான். ஆனால் முகவரகத்தின் சோதகர்கள் கூடங்குளத்துக்கு வருவது வேறு வேலைக்கு. ரஷ்ய உதவியோடு கட்டப்பட்ட அந்த உலைகளுக்குக் கொண்டுவரப்பட்ட எரிபொருள் முழுவதும் கணக்கில் இருக்கிறதா, ஆயுதத் தேவைக்காக எதுவும் வேறிடத்துக்குத் திருப்பப்படவில்லையா என்பதைச் சரிபார்ப்பதே அவர்கள் பணி. கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் மூட்டைகளை எண்ண வரும் கணக்காய்வாளர், கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதில்லை. எங்களுக்கு வடக்கே ஏறத்தாழ 450 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்பாக்கத்தின் மின்னுலைகளோ இந்தக் கணக்கெடுப்புக்கும் உட்படாதவை.

விபத்துத் தடுப்பைப் பொறுத்தவரை 1994ஆம் ஆண்டின் அணுப் பாதுகாப்புச் சமவாயம் என்று ஒன்று உண்டு. இந்தியா, இலங்கை இரண்டும் அதில் உறுப்பு நாடுகள். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு நாடும் தன் நிலைமையைத் தானே அறிக்கையாக எழுதி வியன்னாவில் முன்வைக்க, மற்ற நாடுகள் அதைப் படித்துக் கேள்வி கேட்கும். அவ்வளவுதான். எந்த நாட்டின் உலையையும் மூடச் சொல்லும் அதிகாரம் அந்தச் சமவாயத்துக்கு இல்லை. அழைத்தால் மட்டும் வரும் நிபுணர் குழுக்களும் உள்ளன. 2012இல் ராஜஸ்தான் நிலையத்தின் இரண்டு உலைகளை அப்படியொரு குழு பார்வையிட்டது, 2015இல் இன்னொரு குழு இந்தியாவின் மேற்பார்வை அமைப்பையே மதிப்பிட்டது.

ஆக, கூடங்குளத்தின் பாதுகாப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் முதலில் அதை நடத்தும் நிறுவனத்தார். அவர்களைக் கண்காணிக்க வேண்டியது மும்பையில் இயங்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983இல் அமைக்கப்பட்ட அந்த வாரியம் வெறும் பொம்மை என்று சிலர் எழுதுவது நியாயமன்று. 2013 ஏப்ரலில், முதலாவது உலை இயங்கத் தொடங்குவதற்கு முன்னான சோதனைகளில் ஒரே வகையைச் சேர்ந்த நான்கு வால்வுகள் சரிவர வேலை செய்யாதது கண்டறியப்பட்டு, அவற்றை மாற்றிய பிறகே மேலே செல்லலாம் என்று வாரியம் சொன்னது. ஆனால் வாரியத்தின் அடித்தளத்தில் நெடுங்காலமாக ஒரு குறை இருந்தது. உலைகளை நடத்தும் நிறுவனம் எந்த அணுசக்தித் துறையின் கீழ் இருந்ததோ, அதே துறையின் செயலாளர் தலைமை வகித்த ஆணைக்குழுவுக்குத்தான் வாரியமும் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. 2012இல் இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இதைச் சுட்டிக்காட்டினார். 2015இல் வந்த சர்வதேசக் குழுவும் வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்தில் எழுதிவைக்கும்படி பரிந்துரைத்தது. 2025 டிசெம்பரில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் அதற்குச் சட்ட அந்தஸ்தைத் தந்துள்ளது. அதே சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் இத்துறையின் கதவைத் திறந்துவிட்டிருப்பதால், வாரியத்தின் கடினமான காலம் இனிமேல்தான் வரப்போகிறது என்பது எமது எண்ணம்.

விபத்து நடந்த நாடுகளிலும் சோதகர்கள் இருக்கத்தானே செய்தார்கள்? பிறகு சோதனையால் என்ன பயன்?
– பொறியியல் மாணவர், தம்பலகாமம்

நல்ல கேள்வி. இதற்கு மயிரிழையில் தப்பிய ஒரு நிலையத்தின் கதையையே முதலில் சொல்ல வேண்டும். நடந்து முடிந்த விபத்துகளைவிட அது தெளிவாகப் பாடம் சொல்லும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் டேவிஸ்-பெஸ்ஸி என்ற அணுமின் நிலையம் இருக்கிறது. அத்தகைய உலைகளில் அணுப்பிளவின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காகக் குளிர்விக்கும் நீரில் போரிக் அமிலம் கலந்திருப்பார்கள். உலைக் கலத்தின் மூடியில் கட்டுப்பாட்டுத் தண்டுகள் நுழையும் குழாய்களில் ஒன்று வெடிப்புவிட்டு, அந்த நீர் துளித்துளியாகக் கசிந்து, மூடியின் உருக்கை ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டிருந்தது. 2002 மார்ச்சில் அது கண்டுபிடிக்கப்பட்டபோது ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் தடிப்புள்ள உருக்கு ஓரிடத்தில் முற்றாகக் கரைந்து, உள்பக்கம் பூசப்பட்டிருந்த, ஒரு சென்ரிமீற்றரும் இல்லாத துருப்பிடிக்கா உருக்குத் தகடு மட்டுமே எஞ்சியிருந்தது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 150 மடங்கு அழுத்தத்தை அந்தத் தகடு தாங்கிக்கொண்டிருந்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அறிகுறிகள் ஒளிந்திருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு எரிபொருள் மாற்றத்துக்காக நிறுத்தியபோது எடுத்த படங்களில், மூடியின் விளிம்புத் துளைகள் வழியே செந்நிறத் துருக்கரைசல் வழிந்து உறைந்திருப்பது கண்கூடாகத் தெரிகிறது. உலைக் கட்டடத்தின் காற்றைச் சோதிக்கும் கருவியின் வடிகட்டிகள் இரும்புத் துருவால் அடைபட்டு, ஒரு கட்டத்தில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றப்பட்டன. மாற்றியவர்கள் மாற்றிக்கொண்டே இருந்தார்களே தவிர, துரு எங்கிருந்து வருகிறது என்று யாரும் துருவிப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையத்திலும் அரசின் சோதகர்கள் நிரந்தரமாகத் தங்கியிருப்பார்கள், இங்கேயும் இருந்தார்கள்.

இதைவிடக் கவலைக்குரியது மேலிடத்தின் நடத்தை. வேறு நிலையங்களில் இதே வகை வெடிப்புகள் கண்டுபிடிக்கப்பட்டதால், 2001 இறுதிக்குள் மூடிகளைச் சோதித்தாக வேண்டும் என்று அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணைக்குழு கேட்டது. இந்த நிலையத்தார் அவகாசம் கேட்டார்கள். நிறுத்தச் சொல்லும் கட்டளை எழுதித் தயாராக இருந்தும் அனுப்பப்படவில்லை. 2002 பெப்ரவரி நடுப்பகுதிவரை ஓடலாம் என்று உடன்பாடு காணப்பட்டது. நிறுவனத்துக்கு ஏற்படும் பணநட்டத்தைக் குறைக்கும் நோக்கம் அந்த முடிவில் பெரும் பங்கு வகித்தது என்று ஆணைக்குழுவின் உள்ளக விசாரணைத் தலைவரே பின்னர் எழுதினார்.

ஜப்பானில் நடந்ததும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். புகுஷிமா நிலையத்துக்கு 15 மீற்றருக்கு மேற்பட்ட கடற்கோள் வரக்கூடும் என்று நிறுவனத்தாரே 2008இல் கணக்கிட்டிருந்தார்கள். ஏற்பாடுகளோ 6 மீற்றர் அளவுக்குத்தான் இருந்தன. அந்தக் கணக்கு ஒழுங்குறுத்தும் அதிகாரிகளின் கைக்கு வந்தது 2011 மார்ச் 7ஆம் திகதி. அலை வந்தது 11ஆம் திகதி. அந்த அதிகாரிகள் பணியாற்றிய முகவரகம், அணுமின்சாரத்தை வளர்க்கும் பொறுப்புடைய அமைச்சின் கீழேயே இருந்தது. 2012 செப்டெம்பரில்தான் ஜப்பான் தனியான ஓர் ஆணையத்தை அமைத்தது. 2004 டிசெம்பர் 26 அன்று, எமது கரையை அடித்த அதே அலை கல்பாக்கத்தின் கடல்நீர் இறைக்கும் நிலையத்துக்குள் புகுந்ததையும், இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டதையும் உலகம் முழுவதும் அறிந்திருந்தது என்பதை இவ்விடத்தில் நினைவூட்டலாம்.

எனவே சோதனையால் பயனில்லை என்பதல்ல எமது பதில். சோதகர் கண்டதைக் கேட்பதற்கும், கேட்டபின் உற்பத்தியை நிறுத்துவதற்கும் மேலே ஒருவர் இருக்கிறாரா, அவருடைய சம்பளமும் பதவி உயர்வும் மின் விற்பவர்களின் கையில் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த நாட்டு அமைப்பையும் மதிப்பிட நாம் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்.

கூடங்குளத்தில் ஏதாவது நடந்தால் எங்களுக்கு எப்போது தெரியவரும்? கச்சான் காற்றில் அது இங்கே வந்துவிடாதா?
– மீனவர் சங்கச் செயலாளர், திருக்கடலூர்

காற்றைப் பற்றிய உங்கள் கணிப்புச் சரி. கூடங்குளம் திருகோணமலைக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, வான்வழியில் 390 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. கற்பிட்டிக் கரைக்கோ ஏறத்தாழ 220 கிலோமீற்றர்தான். ஆகவே கச்சான் காலத்தில் வெளியேறும் எதுவும் புத்தளம், அநுராதபுரம் பக்கங்களைக் கடந்து, வழியில் கலைந்தும் படிந்தும் குறைந்த பின்னரே இங்கு வந்துசேரும். வாடைக் காலத்தில் காற்று எங்களிடமிருந்து அங்கே போகும். அப்போது பார்க்க வேண்டியது வடக்கிலுள்ள கல்பாக்கத்தை. மழை பெய்யும் இடத்தில் படிவு கூடும் என்பதால் தூரத்தை மட்டும் வைத்து ஆறுதல் அடையவும் கூடாது. கூடங்குளத்து உலைகளைச் சுற்றி இரட்டைக் கொங்கிறீட் கவசம் உண்டு. செர்னோபிலில் அப்படி எதுவும் இருக்கவில்லை.

அறிவிப்பைப் பற்றியும் செர்னோபில்தான் பாடம். 1986 ஏப்ரல் 26 அன்று அங்கே உலை வெடித்தபோது சோவியத் அரசு வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர் தள்ளி, சுவீடனின் போர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் வேலைக்கு வந்த ஒருவருடைய சப்பாத்தில் ஒட்டியிருந்த தூசு கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவியை அலறவைத்ததால்தான் உண்மை வெளிவந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் முன்கூட்டியே அறிவிக்கும் சமவாயம் நிறைவேறியது. இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்திருப்பதால், எல்லை தாண்டிப் பாதிக்கக்கூடிய விபத்தை அறிவிக்க இந்தியா கடமைப்பட்டிருக்கிறது. சொல்லும்வரை காத்திராமல், இலங்கை அணுசக்திச் சபையும் எமது கரையோரங்களில் காற்றின் கதிர்வீச்சை இடைவிடாது அளக்கும் நிலையங்களை அமைத்திருக்கிறது.

கதிர்வீச்சு வருமுன் வதந்தி வந்து மீன் விலையை விழுத்திவிடும் என்ற உங்கள் அச்சமும் நியாயமானதே. உணவு மாதிரிகளை அளக்கும் ஆய்வுகூடம் சபையிடம் உள்ளது. செர்னோபிலுக்குப் பிறகு இறக்குமதிப் பால்மாவை அளந்தவர்கள் அவர்களே. மீனுக்கும் அவ்வாறே அளந்து எண்களை உடனுக்குடன் தமிழிலும் வெளியிட வேண்டுமென்று உங்கள் சங்கம் இப்போதே எழுதிக் கேட்கலாம்.

அயடின் குளிசை வாங்கி வீட்டில் வைத்திருக்கலாமா?
– வாசகி, கிண்ணியா

தேவையில்லை. அது கதிரியக்க அயடினிலிருந்து தைரொயிட் சுரப்பியை மட்டுமே காக்கும். மற்றக் கதிரியக்கப் பொருள்களுக்கு அது தடையாகாது. அதிகாரிகள் சொல்லும் வேளையில் மட்டுமே விழுங்க வேண்டும்.

எங்கள் ஊர் மணலில் கதிர்வீச்சு இருக்கிறது என்கிறார்கள். அதை யாராவது சோதிக்கிறார்களா?
– வாசகர், புல்மோட்டை

இருக்கிறது. இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் ஆகியவற்றோடு உங்கள் கடற்கரை மணலில் மொனசைட் என்ற கனிமமும் சிறிதளவு உண்டு. அதில் தோரியம் இருக்கிறது. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையோரத்திலும் இத்தகைய மணல் உள்ளது. அங்கே மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கதிர்வீச்சு கூடிய இடங்களில் புற்றுநோய் அதிகரித்ததாகக் காணப்படவில்லை. ஆகவே மணலில் நடப்பதற்கும் பிள்ளைகள் விளையாடுவதற்கும் அஞ்ச வேண்டாம்.

கவனம் தேவைப்படுவது ஆலையின் உள்ளே. கனிமங்களைப் பிரித்தெடுக்கும்போது மொனசைட் ஓரிடத்தில் செறிகிறது. உலர்ந்த மணலைக் கையாளும்போது எழும் தூசைச் சுவாசித்தால் தோரியம் உடலுக்குள்ளே போகிறது. அங்கு வேலை செய்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், காற்றிலுள்ள தூசு கடைசியாக எப்போது அளக்கப்பட்டது என்பதை அவர் கேட்டறிய வேண்டும்.

இலங்கையில் அணு உலையே இல்லை. ஒழுங்குறுத்தல் பேரவை என்று ஒன்று எதற்கு?
– எக்ஸ்-றே பிரிவு ஊழியர், திருகோணமலை

உங்கள் பிரிவுக்காகத்தான் முதலில். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம், அணுத் தொழினுட்பத்தை வளர்க்கும் சபையையும் அதைக் கட்டுப்படுத்தும் பேரவையையும் இரண்டாகப் பிரித்தது. உலை உள்ள இந்தியா வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்துக் கொடுக்கத் தாமதித்திருக்க, உலை இல்லாத நாம் முந்திக்கொண்டோம். எக்ஸ்-றே இயந்திரம், புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவி, தொழிற்சாலைகளில் பயன்படும் கதிரியக்க மூலங்கள் அனைத்துக்கும் பேரவையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2021 ஏப்ரலில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் யுரேனியம் சேர்மத்தை ஏற்றிக்கொண்டு முன்னனுமதியின்றி வந்த கப்பலை வெளியேறச் சொன்னதும் அவர்களே. திருகோணமலைத் துறைமுகத்துக்கும் அதே விதிதான்.

இவை சில்லறை விடயங்கள் அல்ல. மேலே சொன்ன இந்தியத் தணிக்கை அறிக்கை, நாட்டிலிருந்த 57,443 மருத்துவ எக்ஸ்-றே கருவிகளில் 5,270 மட்டுமே பதிவு பெற்றிருந்தன என்றது. 2010இல் டெல்லியில் ஒரு பல்கலைக்கழகம் பயன்படுத்தாமல் போட்டிருந்த, கோபால்ற்-60 என்ற கதிரியக்கப் பொருள் அடங்கிய கருவி பழைய இரும்போடு ஏலம் போய், மாயாபுரிச் சந்தையில் உடைக்கப்பட்டதில் ஓர் உயிர் போனது.

உங்கள் சட்டையில் குத்தியிருக்கும் கதிர்வீச்சு அளவி, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவேர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) என்ற தொழிலாளர் வரம்பை நீங்கள் தாண்டவில்லை என்பதற்கான சான்று. அதை மேசை இலாச்சியில் வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள். அது அளந்த எண்ணைக் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறையின் அனுமதிப்பத்திரம் எந்தத் திகதிவரை செல்லுபடியாகும் என்பதையும் பாருங்கள். காலாவதியாகியிருந்தால் பேரவைக்கு எழுதுங்கள்.