4294967297 பகா எண்ணா? இதில் அப்படி என்ன விசேஷம்?

இல்லை, பகு எண்தான். 641-ஐ 6700417-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்று வாசித்தால் யாரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டிய எண் மாதிரி இருக்கும். 2³² + 1 என்று எழுதினால்தான் ஆள் யார் என்று தெரியும். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றிலும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும், ஐந்துமே பகா எண்கள். இதைப் பார்த்துவிட்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா (17ஆம் நூற்றாண்டு) இந்த வரிசை முழுக்கவே இப்படித்தான் போகும் என்று நம்பிவிட்டார். அடுத்த எண்ணே காலை வாரிவிட்டது, அதுதான் நீங்கள் கேட்டிருப்பது. 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார். வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் இன்றுவரை யாருக்கும் சிக்கவில்லை.

நான் முதன்முதலில் இதைத் தாளில் 3, 7, 11, 13 என்று வகுக்க ஆரம்பித்து, 97 வந்ததும் சலித்துப்போய் மூடி வைத்துவிட்டேன். 641 என்பது 116-ஆவது பகா எண், இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும் பாருங்கள்!

குறுக்குவழி அப்புறம்தான் தெரிந்தது. இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியை எடுத்தாலும் 128-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும் (ஆய்லர் கையில் இருந்தது 64 மட்டும், அதை 128 ஆக்கியது 19ஆம் நூற்றாண்டில் லூக்கா என்ற கணிதவியலாளர்). சரி, அப்படிப்பட்ட எண்கள் எவை? 129, 257, 385, 513, 641... 129-உம் 513-உம் 3-ஆல் வகுபடும், 385 ஐந்தால் வகுபடும். 257 மேலே பார்த்த ஃபெர்மாவின் 3, 5, 17 வரிசையில் உள்ள எண், அந்த வரிசையில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது, அதனால் அதுவும் போச்சு. மிச்சம் 641. ஒரே ஒரு வகுத்தல், வேலை முடிந்தது.

6700417 மட்டும் பகா எண்தானா என்றால், அதற்கும் இதே சலுகை உண்டு. அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம், அதற்குள் இந்த நிபந்தனைக்கு ஒத்துவரும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. ஐந்தாலும் வகுபடாது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. இந்த எண் 65536² + 1² என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் 62264² + 20449² போட்டாலும் இதே எண்தான் வரும். பகா எண்ணாக இருந்தால் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும், எனவே காரணி எதையும் கண்டுபிடிக்காமலேயே இது பகு எண் என்று சொல்லிவிடலாம். அந்த 20449 என்பதே 143-இன் வர்க்கம். அதனால் ஒரு பயனும் இல்லை, கண்ணில் பட்டது, சொல்கிறேன்.